தலைகீழாய் வந்த சேறு

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மிச்சப் பல்லெல்லாம் இன்றே விழட்டும். மிச்சம் இரண்டுதான், ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே? சேறு அள்ளும் தொழிலில் அழுக்கு குளித்தால் போய்விடும், கெட்ட பெயர்தான் போகாது. முதுகால் பிழைத்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

மிஸ் கேட்ட சேறு

அக்கரப்பத்தனையிலிருந்து இறங்கும் ஆறு நீர்த்தேக்கத்தில் விழுகிற இடத்தில் எனக்கொரு வள்ளம் உண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மிஸ் வந்து, அடியில் படிந்த சேற்றில் ஒரு குழாயை இறக்கி, அடுக்குக் கலையாமல் குழாயோடு எடுத்துத் தரச் சொன்னார். "தண்ணியில டயட்டம்னு கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்குங்க ஐயா. அதோட ஓடு கண்ணாடி மாதிரி, மக்காது. நல்ல தண்ணிக்கு ஒரு வகை, கழிவுத் தண்ணிக்கு வேற வகை. அடிச்சேறு பழைய காலம், மேல்சேறு இந்தக் காலம்."

விஷயம் இதுதான். மேலே கார்மெண்ட் தொழிற்சாலை வந்த பிறகுதான் ஆறு நாறுகிறது என்பது எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தின் கட்சி. முன்பே நாறியது என்பது கார்மெண்ட் மேனேஜர் கட்சி. சேறு எங்கள் பக்கம் பேசினால், மலை ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு தினமும் அந்த ஊற்றுக்கு ஏறி இறங்கும் கமலம், என் வள்ளத்தைப் பார்த்துச் சொன்னாள்: "கொழுந்து பறிக்கிற ஆளப் பாத்திருக்கேன். சேறு பறிக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

முதுகுக்கு ஒரு சட்டம்

முதல் குழாய் வெளியே வந்ததும் அதன் மேல்முனையில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். எங்களுக்குக் கத்தியோ கூடையோ, முதல் நாள் பொட்டு இல்லாமல் வேலை தொடங்காது. மிஸ் சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தார். பிறகு அவர் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க நின்றுவிட, இரண்டு முனையையும் அடைத்த குழாயைக் கொழுந்துக் கூடை மாதிரி நெற்றிக் கயிற்றில் மாட்டி நான் மட்டும் ஏறினேன். இறுகிய அடிச்சேறுதான் கனம். கனம் தோளுக்கு மேலே இருந்தால்தான் ஏற்றத்தில் முதுகு தாங்கும். ஆகவே குழாயைக் கவிழ்த்துக் கட்டினேன். வழியில் என் காலில் ஒட்டிய அட்டை குடித்த குடியில், இறங்கும்போது அதைத்தான் நான் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். குழாயைக் கவிழ்ந்தபடியே கொண்டு வந்து மிஸ்ஸின் அறையில் நிறுத்தி வைத்தேன். மிஸ் வந்து, குழாய் நின்ற கோலத்திலேயே கீழ்முனையில் 'அடி' என்று எழுதி, சேற்றைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு, "நல்லாத் தூக்கியாந்திருக்கீங்க ஐயா" என்றார்.

கூட்டம்

சில மாதம் கழித்து வாசகசாலையில் கூட்டம். மிஸ் முகம் வாடியிருந்தது. அடியில் கழிவுநீர் டயட்டம், மேலே வர வர நல்லநீர் டயட்டம் என்று படித்தார். கமலம் என்னைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்தாள். மேனேஜர் எழுந்தார்: "நாங்க வந்த பிறகுதான் தண்ணி சுத்தமாயிருக்குன்னு உங்க சேறே சொல்லுதே."

பொய்யன் சாட்சி

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து, கவிழ்த்துக் கட்டியதைச் சொன்னேன். கூட்டமே சிரித்தது. போன வாரம்தான் ஒரு அட்டை மாட்டைக் குடித்த கதையை அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். மிஸ் மட்டும் சிரிக்காமல் காலிக் குழாயை எடுத்து வந்தார். அவர் 'அடி' என்று எழுதிய முனையில் என் குங்குமம். போன் படத்திலோ அதே குங்குமம் உச்சியில். மறுபடி எடுத்துப் பார்க்கட்டும் என்றார் மேனேஜர். இம்முறை குழாயைக் கைக்குழந்தை மாதிரி நிமிர்த்தியே தூக்கி வந்தேன், மிஸ் பின்னாலேயே நடந்தார். அடியில் நல்லநீர், மேலே கழிவுநீர். சேறு எங்கள் பக்கம் பேசிவிட்டது.

குழாயில் தண்ணீர் வந்த அன்று கமலம் முதல் குடத்தை நிரப்பிவிட்டுச் சொன்னாள்: "பெருசு, ஒன் வாயை நம்பியிருந்தா நான் இன்னும் மலை ஏறிக்கிட்டிருப்பேன். பொட்டு காப்பாத்திருச்சு."

வாழ்நாளில் நான் சொன்ன ஒரே உண்மைக்குத்தான் சாட்சி தேவைப்பட்டது. இதை யார் சொன்னார்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் நீங்கள் சொல்வதையும் நம்ப மாட்டார்கள்.