முர்மூ வீட்டு ஃபுல்மணி ஹெம்ப்ரம்

என் கணவர் மஹாதேவன் போன மாசியில் இறந்தார். கல்கத்தா உயர் நீதிமன்ற வக்கீல் ஒருவரிடம் வெகுகாலம் முஹுரியாக இருந்தார். வக்கீல் குமாஸ்தாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தமிழர்கள் நிறைய இருக்கும் லேக் மார்க்கெட்டில் தெரிந்தவர்கள் எல்லாரும் பேங்க்கிலும் கம்பெனியிலும் ஆபீசராக இருக்க, இவர் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறாரே என்று என் பிறந்த வீட்டாருக்குக் குறை உண்டு. அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வங்காள மொழியில் வங்காளிகளைவிட வேகமாகச் சண்டை போடுவார்.

கடைசிவரை அவர் பேசிக்கொண்டிருந்தது ஃபுல்மணி ஹெம்ப்ரமின் வழக்கைப் பற்றி. பீர்பூம் பக்கத்துச் சந்தால் பெண். கணவர் முர்மூ இறந்ததும், கல் உடைக்கும் ஆலைக்காரர் ஒருவர் அந்த நிலத்தைத் தான் வாங்கிவிட்டதாகப் பத்திரம் காட்டினார். பழங்குடியினர் நிலத்தை அரசு அனுமதியில்லாமல் வெளியார் வாங்கினால் செல்லாது. ஆகவே எதிர்த்தரப்பு நிலத்தை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. அவன் முர்மூ, இவள் ஹெம்ப்ரம். மனைவியே இல்லை, வழக்குப் போட உரிமையும் இல்லை என்றது.

துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். அன்று தடை உத்தரவு வாங்காவிட்டால், கோர்ட் திறப்பதற்குள் நிலத்தில் வெடி வைத்துவிடுவார்கள். எதிர்த்தரப்பின் வாயை அடைப்பதாக நினைத்து, இவர் பிரமாணப் பத்திரம் முழுக்க 'ஃபுல்மணி முர்மூ' என்றே அடித்திருந்தார். கல்யாணமானால் பெண்ணின் பெயரோடு கணவன் பெயர் சேரும் என்பதுதான் நாங்கள் அறிந்த வழக்கம். நானே மீனாக்ஷி மஹாதேவன்.

படித்துக் காட்டியதும் ஃபுல்மணி கையை இழுத்துக்கொண்டாளாம்.

"முர்மூ வீட்டுல நான் முர்மூன்னா தங்கச்சி ஆயிடுவேன், பாபு. தங்கச்சியையா கட்டிக்கிட்டான் அவன்?"

"இப்ப கைநாட்டு வை தீதி, லீவு முடிஞ்சு திருத்திக்கலாம்" என்றார் இவர் வேலை பார்த்த வக்கீல் சைதன்யா.

"செத்தவனுக்கு லீவு ஏது? அதுவரைக்கும் நான் அவனுக்குத் தங்கச்சியா?"

கணினியில் பெயரை மாற்ற நேரமாகாது. ஆனால் எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நகல்களையும் மாற்றி, அவள் புதிதாகச் சத்தியம் செய்து, எல்லாம் முடிவதற்குள் நீதிபதி எழுந்து போய்விட்டார்.

ரயிலைத் தவறவிட்டு அவள் எங்கள் வீட்டில் தங்கினாள். என்னைப் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்டாள். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க டைட்டில் என்ன பாபு?" என்றாள். குடும்பப் பெயரை இங்கே டைட்டில் என்பார்கள்.

"எங்களுக்கு டைட்டிலே கிடையாது."

"டைட்டில் இல்லாத ஆளுக்கு யாரு பொண்ணு குடுத்தா?"

கோத்திரம் பார்த்துக் கொடுத்தார்கள், ஒரே கோத்திரத்தில் கல்யாணம் கிடையாது என்று வங்காள மொழியில் அவளுக்குச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "ஏன்னா, இவ சொல்றதும் அதுதானே? பேர் வேற வேறயா இருக்கறதே கல்யாணத்துக்கு சாட்சின்னு கோர்ட்ல சொல்லப்படாதா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்டி. எனக்குத்தான் சோறு கிடைச்சிருக்காது."

விடுமுறைக்குப் பின் சைதன்யா அதையே வாதிட்டார். சந்தால்களில் ஒரே டைட்டிலுக்குள் கல்யாணம் கிடையாது, இவள் முர்மூவின் மனைவிதான் என்று ஊர்த் தலைவரும் எழுதிக் கொடுத்தார். பத்திரம் செல்லாது, நிலம் ஃபுல்மணிக்கே என்று தீர்ப்பானது. அதற்குள் முக்கால் நிலம் குழியாகியிருந்தது.

இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவளை இன்னும் வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று அவளிடமே கேட்டிருக்கிறார்.

"நிலம் அவனோடது, பாபு. நான் அவன் பொண்டாட்டி இல்லேன்னா எனக்கு அங்க என்ன வேலை?" என்றாளாம்.

குழிக்கு நஷ்டஈடு கேட்டு இன்னொரு வழக்கு நடக்கிறது. மிச்சத்தில் அவள் சோளம் போட்டிருக்கிறாள். இவர் இறந்ததைக் கேள்விப்பட்டுப் போன் செய்தவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, குழியில் தண்ணீர் நிற்கிறது, ஆடு விழாமல் இருக்க முள் வெட்டிப் போட்டிருக்கிறேன் என்றாள்.

"அடுத்த தேதிக்கு யாரு வருவாங்க, பௌதி?"

ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.