கரையில் ஒருவர்தான் நிற்க வேண்டும்

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆம் திகதி, புதன்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு ஜோசப்பின் என்ற பெண்ணை நான் முதன்முதலில் சந்தித்தேன். அதே நிமிடத்தில் என் கைத்தொலைபேசியில் ஓர் அழைப்பு அறுந்துபோனது. அதன் நேரம் இன்னும் அதில் பதிவாகி இருப்பதால் இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிகிறது.

கடற்றொழில் பரிசோதகராக முல்லைத்தீவுக்கு மாற்றலாகி வந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். கனகராயன்குளத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். குளத்தின் அணைக்கட்டையும் வான்கதவையும் அறிந்த அளவுக்குக் கடலை அறியேன். அன்று விடிந்ததும் கடற்படையினர் ஒரு தொலைபேசி எண்ணைத் தந்தார்கள். தாய்லாந்திலிருந்து புறப்பட்டுப் பதினொரு நாளாக வங்காள விரிகுடாவைக் கடந்துவந்த ஒரு பாய்ப்படகு திருகோணமலைக்குப் போக வேண்டியது. வழியில் அதன் சுக்கான் முறிந்துவிட்டது. இயந்திரத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. வாடைக்காற்று அதை எங்கள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. கடற்படைப் படகு வந்துசேர நண்பகலாகும். அதுவரைக்கும் கரையை நெருங்க வேண்டாம் என்று நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

படகில் இருந்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் என்ற முதியவரும் அவருடைய மனைவி அன்னாவும். அழைப்பு அறுந்தபோது, களப்பு என்னும் உப்பேரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு வடக்கே கடற்கரையில் நின்று அந்த வெள்ளைப் பாயைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் மணலில் குந்தியிருந்தார்கள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"சேர், இருங்கோ!"

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், பாவாடைக்கு மேல் ஆண்களின் சிவப்பு ரீசேட் அணிந்து, களப்புப் பக்கமாக விரைவாக நடந்துகொண்டிருந்தார். அரசாங்க உத்தியோகத்தனுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துவிட்டேன்.

"பரவாயில்லை அக்கா, நிக்கிறன்."

"சேர், நான் உங்களுக்குக் கதிரை தரேல்ல. மணலில குந்துங்கோ எண்டு சொல்லுறன்!"

அதற்குள் என் இரண்டு கைகளும் மேலே போய்விட்டன. வராதீர்கள், திரும்புங்கள் என்று சொல்வதற்காக முழுப் பலத்தோடும் அசைத்தேன். பாய்ப்படகின் மூக்கு மெல்லத் திரும்பியது. வாருங்கள் என்று அழைப்பதாக எடுத்துக்கொண்டு, அது என்னை நோக்கித் திரும்பியது.

அந்தக் கரையின் வழக்கம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மழைக்காலத்தில் களப்பு நிறைந்து முகத்துவாரம் உடையும்போது, வள்ளங்கள் கடலிலிருந்து உள்ளே வருவதற்கு ஒரு வாய்க்கால் உண்டாகும். அதன் அடிமணல் ஒவ்வொரு நாளும் இடம்மாறும். நேற்று ஆழமாயிருந்த இடத்தில் இன்று கணுக்கால் தண்ணீர். ஆகவே வள்ளங்கள் வரும் வேளையில் ஒருவர் வாய்க்காலின் நேரே போய் நிற்பார். ஓட்டிகள் அவரைக் குறிவைத்து வருவார்கள். அவர் நிற்கும் நேரம் முழுவதும் கரையிலுள்ள மற்ற அனைவரும் மணலில் குந்தி இருந்துவிட வேண்டும். மீன் வாங்க வந்த வியாபாரியானாலும், சுவாமியார் ஆனாலும் இருக்கத்தான் வேண்டும். நிற்கிற உருவம் ஒன்று மட்டுமே என்றால் அலைக்குள் தத்தளிக்கும் கண்ணுக்குக் குழப்பம் வராது.

ஜோசப்பின் 2012ஆம் ஆண்டிலிருந்து அப்படி நின்று வந்தவர். அதற்கு முன்னர் அது ஆண்களின் வேலை. போரில் இடம்பெயர்ந்த சனம் முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது முகத்துவாரம் முந்நூறு பாகம், ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர், தெற்கே நகர்ந்திருந்தது. முன்பு நின்றவர்களில் எவரும் திரும்பி வரவில்லை. களப்பில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு மட்டும் அடிமணல் பழக்கமாக இருந்தது. அவர்களில் ஜோசப்பின் ஒருவர். முதல் மழைக்காலத்தில் அவருடைய கணவர் பஸ்தியாம்பிள்ளையின் வள்ளம் இரண்டு முறை மணலில் ஏறியது. மூன்றாம் நாள், "இஞ்சேருங்கோ, இண்டைக்கு என்ர மூஞ்சையைப் பார்த்துக்கொண்டு வாங்கோ" என்று கணவரிடம் சொல்லிவிட்டு ஜோசப்பினே போய் நின்றார். "கலியாணம் கட்டி இருபது வருசத்தில அண்டைக்குத்தான் அவவின்ர முகத்தை ஒழுங்காப் பார்த்தனான்" என்று பஸ்தியாம்பிள்ளை இன்றைக்கும் சொல்வார். அதன் பின் பன்னிரண்டு மழைக்காலத்தில், ஜோசப்பின் நின்ற எந்த நாளிலும் ஒரு வள்ளமும் மணலில் தட்டியதில்லை. கரையில் அவருக்கிருந்த பெயர் அதுதான்.

நான் கையசைத்தபோது அவர் தம்முடைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. பஸ்தியாம்பிள்ளை என் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து மணலில் இருத்தினார்.

"அரசாங்கம் கொஞ்சம் பணிஞ்சு இருக்கட்டும்," என்றார்.

சிலர் சிரித்தார்கள். பாய்ப்படகு வெளி மணல்திட்டில் மோதிய சத்தம் கரைக்குக் கேட்டதும் சிரிப்பு நின்றது. அடுத்த அலை அதைத் தூக்கிவிட்டது. ஹென்றிக் முன்பக்கமாக ஓடி, மிஞ்சியிருந்த ஒரே நங்கூரத்தைக் கடலில் போட்டார். அது பிடித்தது.

என் தொலைபேசி மீண்டும் ஒலித்தது. விழுந்ததில் அன்னாவின் மணிக்கட்டு முறிந்துவிட்டது என்றும், நங்கூரக் கயிறு ஏற்கெனவே தேய்ந்தது என்றும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்றும் ஹென்றிக் சொன்னார். கயிறு அறுந்தால் படகு திட்டில் ஏறி உடையும். அன்றைய கடலில் எங்கள் வள்ளம் எதையும் இறக்க முடியாது. வாடைக்கு எதிரே பாய்விரித்துத் திரும்பிப் போகவும் அவர்களால் ஆகாது. மிஞ்சியிருந்த வழி முகத்துவாரம் ஒன்றே. ஒரு தடவைதான் முயலலாம்.

ஜோசப்பின் எனக்கு எதிரே வந்து குந்தினார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் படகு தண்ணிக்குக் கீழ எவ்வளவு இருக்கு? கேளுங்கோ சேர்."

கேட்டேன். ஒரு மீட்டர் அறுபது.

"எனக்கு மீட்டர் விளங்காது. எழும்பி நில்லுங்கோ. இப்ப நிக்கலாம், ஒருதரும் வரேல்ல."

எழுந்தேன். அவரும் எழுந்து என் பக்கத்தில் தோளோடு தோள் நின்றார். என் உயரம் எனக்குத் தெரியும். அதிலிருந்து அவருடைய உயரத்தைக் கணித்தேன்.

"அந்த ஆழம் உங்களைவிட ஒரு விரல் அளவுதான் கூட, அக்கா."

"அப்ப லேசு. தண்ணி என்னை மூடுற இடத்தால வரட்டும்."

எங்கள் வள்ளங்களுக்கு முழங்கால் ஆழம் போதும். தலைக்கு மேல் ஆழமுள்ள வழியை அவர் அதுவரை தேடியதில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஒரு கையை நேரே உயர்த்தியபடி வாய்க்காலில் இறங்கினார். கயிற்றைப் பஸ்தியாம்பிள்ளையும் ரூபன் என்ற கரைவலைத் தொழிலாளியும் பிடித்தார்கள். தண்ணீர் தலையை மூடி, உயர்த்திய கையில் மணிக்கட்டுக்கு மேல் மட்டும் தெரிந்தால் அந்த இடம் போதும். முழங்கை தெரிந்தால் போதாது. பத்து அடிக்கு ஒரு தடவை மூழ்கினார். நான் எண்ணினேன், பதினேழு தடவை. ஒரு தடவை கை வெளியே தெரிய நேரமானது.

"இஞ்சாருமப்பா, அங்க ஆரோடயும் கதைச்சுக்கொண்டு நிக்கிறீரோ?" என்று பஸ்தியாம்பிள்ளை கத்தினார். அதற்குள் கயிற்றை ஒரு முழம் இழுத்துவிட்டார்.

ஜோசப்பின் இருமிக்கொண்டு கரையேறினார். "வழி இருக்கு. நேரா வந்து, நடுவில தெற்கால ஒடியுது. ஒரு ஆள் நிண்டு காணாது. ரெண்டு பேர் வேணும், முன்னும் பின்னுமா." பிறகு என்னைப் பார்த்தார். "சேர் வெள்ளைச் சேட்டுப் போட்டிருக்கிறார். தூரத்துக்குத் தெரியும்."

"நானோ?"

"உங்களுக்குத்தானே நிக்க விருப்பம்."

ரூபன் என்னைச் சிறு தோணியில் ஏற்றி, முகத்துவாரத்துக்கு நேர் உள்ளே களப்புக் கரையிலிருந்த மணல்மேட்டில் இறக்கிவிட்டார். எனக்கு முன்னால் முப்பது அடியில், தண்ணீருக்குள் இருந்த திட்டொன்றில் ஜோசப்பின் முழங்காலளவில் நின்றார். சிவப்பு ரீசேட்டும் வெள்ளைச் சேட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி வர வேண்டும், சிவப்பு எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே படகும் ஒதுங்க வேண்டும் என்று ஹென்றிக்குக்குத் தொலைபேசியில் விளக்கினேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். சரியாகச் சொன்னார்.

"நான் நடப்பன்," என்றார் ஜோசப்பின், திரும்பிப் பாராமலே. "நீங்கள் நடக்கக்கூடாது. அலை வந்து என்னை அடிச்சாலும் உங்கட கால் அசையக்கூடாது. ரெண்டு பேரும் அசைஞ்சா அவையளுக்கு வழி இல்லை."

பெருக்கு உச்சத்துக்கு வந்து, களப்பிலிருந்து வெளியே பாயும் நீரின் வேகம் தணிய ஒன்பது மணி நாற்பதாயிற்று. "வெட்டச் சொல்லுங்கோ," என்றார். சொன்னேன். ஹென்றிக் நங்கூரக் கயிற்றை வெட்டினார்.

முன்பாய் காற்றை வாங்கியது. சுக்கானுக்குப் பதிலாக ஒரு பலகையைக் கம்பத்தில் கட்டிப் பின்புறம் வைத்திருந்தார்கள். அதை ஹென்றிக் நெஞ்சால் அணைத்துத் திருப்பினார். அன்னா ஒற்றைக் கையால் பாய்க்கயிற்றைப் பிடித்திருந்தார். படகு அலையின் மேலேறி, சரிந்து, மறுபடி ஏறியது. கரையில் இருந்த எவரும் எழவில்லை. வாய்க்கால் ஒடியும் இடத்துக்குப் படகு வந்ததும் ஜோசப்பின் தெற்கே நடக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு அலை திட்டின் மேல் புரண்டு அவரை இடுப்புவரை மூடியது. என்னையறியாமல் என் ஒரு கால் முன்னே போகப் பார்த்தது. அதை மணலுக்குள் அமிழ்த்திக்கொண்டேன். அலை வடிந்தபோது அவர் நான்காம் அடியை வைத்துக்கொண்டிருந்தார். பத்தாம் அடியில் நின்றார். படகின் மூக்கு ஒதுங்கி, சிவப்பையும் வெள்ளையையும் மறுபடி ஒன்றாக்கி, அவருக்கு ஒரு கை தூரத்தில் களப்புக்குள் நுழைந்தது. மணலில் தட்டவில்லை.

ஜோசப்பின் அந்தத் தண்ணீருக்குள்ளேயே குந்தி இருந்துவிட்டார். வந்த வேலை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"இனி நீங்களும் இருக்கலாம் சேர்."

இருந்தேன். 

அன்னாவை வைத்தியசாலைக்கு அனுப்பினோம். நண்பகலில் கடற்படையினர் வந்து உரிய பதிவுகளைச் செய்தார்கள். பன்னிரண்டு நாள் அந்தப் படகு களப்பில் கிடந்தது. புதுச் சுக்கானுக்கு வவுனியாவில் இரும்பு வேலை செய்வித்தார்கள். கரையில் நின்று வழிகாட்டிக் கொண்டுவந்தவருக்கு, அப்படி வந்தவர்கள் ஒரு நாள் காலையில் கரைவலை இழுத்துக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அதைக் கேள்விப்பட்ட ஹென்றிக்கும் அன்னாவும் ஆறாம் நாள் விடியற்காலையில் கயிற்றடிக்கு வந்தார்கள். அன்னா கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் இழுத்தார். "மச்சான், இவையளை விடாதேங்கோ, எங்கட ஆக்களைவிட நல்லா இழுக்கினம்," என்றார் பஸ்தியாம்பிள்ளை ரூபனிடம்.

பெப்ரவரி மாதத்தில் ஒரு விசாரணை நடந்தது. ஒரு வெளிநாட்டவர் காயப்பட்டிருந்ததால் அது நடந்தே தீர வேண்டியது. நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் எல்லா நேரங்களும் சரியாக இருந்தன. நான் கையசைத்தேன் என்ற ஒரு வாக்கியம் மட்டும் அதில் இல்லை. விசாரிக்க வந்த அதிகாரி நேராகக் கேட்டார்: படகு முதலில் திட்டில் மோதியபோது, கரையில் எழுந்து நின்று சைகை காட்டியவர் யார்?

அன்று கரையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் அங்கே வந்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். நான் என் அறிக்கையின் தாளைப் புரட்டினேன்.

"இந்தக் கரையில நிக்கிறது நான் ஒருத்திதான் ஐயா," என்றார் ஜோசப்பின். "எழுதுங்கோ."

அதிகாரி எழுதினார். ஜோசப்பினின் பெயருக்கு எதிரே, ஒரு படகு மணலில் தட்டியது என்று முதன்முதலாகப் பதிவாயிற்று.

வெளியே வந்ததும் அவரைத் தொடர்ந்து போனேன். அறிக்கையைத் திருத்தித் தருவதாகச் சொன்னேன்.

"வேண்டாம் சேர். உங்களை மாத்திப்போட்டுப் புதுசா ஒருதரை அனுப்புவினம். அவருக்கும் நான் முதல்ல இருந்து இருங்கோ, இருங்கோ எண்டு கத்தவேணும். நீங்கள் ஒருக்காப் பழகிட்டியள்."

"அப்ப உங்கட பெயர் கெடுமே அக்கா?"

"என்ர பெயர் கடதாசியிலயோ கிடக்கு? நாளைக்கும் வள்ளம் வரும்தானே."

நான் அறிக்கையைத் திருத்தவில்லை. அவர் வேண்டாம் என்றது எனக்கு வசதியாக இருந்தது. அடுத்த நாளும் வள்ளங்கள் வந்தன. ஓட்டிகள் அவரையே பார்த்து வந்தார்கள்.

2025ஆம் ஆண்டு யூன் மாதம், கரைவலைப் பாட்டுக்கான, அதாவது வலை வளைக்கும் கடற்கரைத் துண்டுக்கான, அனுமதியைப் புதுப்பிக்க ஜோசப்பின் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான பிழைப்பு அந்த ஒரு தாளில் தங்கியிருந்தது. வரிசையில் ஏழாவது ஆளாக நின்று, முறை வந்ததும் விண்ணப்பத்தை நீட்டினார். அதில் கடற்றொழிலாளர் சங்கத் தலைவரின் கையொப்பம் இல்லை. முடிவுத் திகதிக்கு ஒரு நாளே இருந்தது. நான் அதைச் சொன்னேன். அவர் ஒரு பார்வையால் என்னிடம் எதையும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

"நாளைக்கு எத்தினை மணிக்குத் திறப்பியள் சேர்?"

"எட்டரைக்கு."

சங்கத் தலைவர் மகளின் வீட்டுக்குப் புதுக்குடியிருப்புக்குப் போயிருந்தார். அன்றே பஸ் ஏறிப்போய்க் கையொப்பத்தை வாங்கிக்கொண்டு, மறுநாள் எட்டரைக்கு ஜோசப்பின் வந்துவிட்டார். எனக்கு எதிரே ஒரு கதிரை வெறுமையாக இருந்தது.

"இருங்கோ அக்கா."

"பரவாயில்லை சேர், நிக்கிறன்," என்றார்.

நான் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் தாளைப் பிளாஸ்ரிக் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, பத்து மணிப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். விசாரணையன்று எனக்காக ஏற்றுக்கொண்டதைப் பற்றி அவர் அப்போதும் ஒரு சொல் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.