பேர் சொல்லாதது

நாட்டு மருந்துக் கடையில் நிற்கிறவனுக்குக் காது நீளமாகவும் நாக்கு குட்டையாகவும் இருக்க வேண்டும். எனக்கு ஆண்டவன் இரண்டையும் மாற்றி வைத்துவிட்டான். கடைப்பலகைக்கு உள்பக்கம் நின்று தொண்டை வறண்டவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், பெருமாட்டி என்கிற எங்கள் ஊரை விட்டு, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த வண்டிப்பெரியாருக்கு வந்து, ஒரு திருநெல்வேலிக்காரர் கடையில் பொட்டலம் மடிக்கச் சேர்ந்தேன். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. என் கூட மனைவி சரசு, மகள் வள்ளி. வள்ளிக்கு மூன்று வயது நெருங்கியும் 'அம்மா' என்றுகூட வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் சேர்த்து நான் ஒருவனே பேசுகிறேன், பெற்ற பிள்ளை ஊமையாகப் போய்விடுமோ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டே இருந்தேன். மருந்துக் கடை வேலை என்றதும் ஓடிவந்ததே அதற்காகத்தான்.

பேரே அதுதான்

சேர்ந்த புதிது. விளக்கு வைத்த நேரம். தேயிலை கிள்ளுகிற பேச்சியம்மா, வயிறு உப்பி வீறிடும் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க தம்பி."

"பேர் சொல்லாம எப்படிங்க எடுக்கறது?"

"அதான் சொல்லுதேன்லா, பேர் சொல்லாதது!"

விடுகதை போடுகிறாள் என்று நினைத்தேன். ஓமம், திப்பிலி, மாசிக்காய் என்று டப்பா டப்பாவாகத் திறந்து காட்டினேன். பிள்ளை கத்துகிறது, அவள் முறைக்கிறாள். கடைசியில், குழந்தை கையில் வளையல் மாதிரி கோத்துக் கட்டுவோமே என்று மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "அட, வசம்புங்களா!" என்று பஸ் நிற்கிற இடம் வரை கேட்கிற மாதிரி கத்தினேன். பக்கத்தில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். விளக்கு வைத்த பிறகு அதன் பேரைச் சொன்னால் மருந்து பலிக்காதாம். எங்கள் பக்கத்தில் மலையாளம் கலந்து 'வயம்பு' என்று பட்டப்பகலிலும் சொல்வோம், ராத்திரியிலும் சொல்வோம். நான் என்னத்தைக் கண்டேன்? பேச்சியம்மா துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னாள்: "அதுக்குப் பேரே பேர் சொல்லாததுதான் தம்பி. இந்தப் பேரைச் சொன்னா உம்ம வாய் என்ன வெந்தா போவும்?"

மலையாளத் தந்திரம்

அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், சாமிக்குற்றம், விளக்கு வைத்த பிறகு இனி அந்தப் பேர் கடையில் கேட்கக்கூடாது என்று. எனக்கா யோசனைக்குப் பஞ்சம்? மறுநாள் சாயங்காலம் ஒருவர் வந்து தயங்கியதுமே, "வயம்பு வேணுங்களா? நல்ல வயம்பு வந்திருக்குதுங்க!" என்று மலையாளத்தில் பேரைச் சொல்லி ஏலம் போட்டேன். சட்டத்தை மீறவில்லை, வியாபாரமும் நடந்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏலே, சாமிக்கு மலையாளம் தெரியாதுன்னு உனக்கு எவம்லே சொன்னான்?"

ஓர் எழுத்து

கடையில் வசம்பு தீர்ந்துபோன ஒரு மழைக்காலத்தில், ஆற்றோரச் சதுப்பில் அது தானாக வளர்ந்து கிடக்கிறது, போய்ப் பிடுங்கிக்கொண்டு வா என்று அண்ணாச்சி என்னை அனுப்பினார். நீளநீளமாக வாள் மாதிரி இலை, சேற்றுக்குள் கிழங்கு. அடையாளம் இவ்வளவுதான். காலெல்லாம் அட்டை கடிக்க, ஒரு கூடை நிறையப் பிடுங்கித் தலையில் சுமந்து வந்தேன். வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அண்ணாச்சி ஒரு கிழங்கை ஒடித்து மோந்தார். வாசனையே இல்லை. இன்னொன்றை ஒடித்தார். வெறும் சேற்று நாற்றம். நான் கொண்டுவந்தது சம்பு, பாய் முடைகிற கோரை! கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அட்டைகள்கூட என்னை விட்டு விழுந்திருக்கும். அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "பேர்ல ஒரு எழுத்தைச் சகதிக்குள்ளயே விட்டுட்டு வந்துட்டியேடே."

காலை மருந்து

வள்ளிக்கும் வசம்புதான் வைத்தியம். நாக்குத் தடிப்பு போய்ப் பேச்சு வரும் என்று, விளக்கில் சுட்டுக் கல்லில் உரசி, தேனில் குழைத்து, நாக்கில் துளி தடவுவோம். காலையில் எழுந்ததும் நான்தான், "சரசு, வசம்பு எங்க? வசம்பை எங்க வெச்ச?" என்று வீட்டையே இரண்டாக்குவேன். வள்ளி கண் கொட்டாமல் என் வாயையே பார்ப்பாள். பிறகு கசப்புக்கு முகம் சுளிப்பாள். அவ்வளவுதான். மாதங்கள் போயின, ஒரு சத்தமும் இல்லை. பகலில் சொன்னாலும் என் வாயால்தான் மருந்து பலிக்காமல் போகிறதோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. ஒருநாள் சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உரசிய மருந்தை என் பக்கம் நீட்டினாள்: "ஏனுங்க, இதை நீங்களே தின்னுபோடுங்க. உங்க வாய் அடங்குனாத்தான் இவ வாய் தொறக்கும்."

கடைப்பலகை மேல்

அதன்பின் வாயைக் கட்டினேன். கடையிலும் வீட்டிலும் கையால்தான் பேச்சு. அண்ணாச்சி எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு சம்பள நாள் சாயங்காலம், நல்ல கூட்டம். சரசு எனக்குச் சோறு கொண்டுவந்தவள், வள்ளியைக் கடைப்பலகை மேல் உட்கார வைத்திருந்தாள். அண்ணாச்சி விளக்கு ஏற்றினார். பேச்சியம்மா முன்னால் வந்து, "தம்பி, பேர் சொல்லாதது குடும்" என்றாள். நான் வாயே திறக்காமல் டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வைத்தேன். வள்ளி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இந்த அப்பன் ஏன் கத்தவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தானே அதைக் கையில் தூக்கிப் பிடித்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "வதம்பு!"

ஒருத்தரும் காதைப் பொத்தவில்லை. சரசு வள்ளியை வாரி அணைத்துக்கொண்டாள். நான் அத்தனை பேருக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன், வெட்கமாவது மண்ணாவது! அண்ணாச்சி அன்றைக்குச் சாமியைப் பற்றி மூச்சு விடவில்லை. பேச்சியம்மாதான் வள்ளியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்துவிட்டுச் சொன்னாள்: "பேர் சொல்லும் பிள்ளை, பேர் சொல்லும் பிள்ளைன்னு ஊர்ல சொல்லக் கேட்டிருக்கேன். இன்னைக்குத்தான்யா கண்ணால பாக்கேன்."

பேச்சு வர வைக்கிற மருந்தை ஆயுசு முழுக்க விற்ற எனக்கு, அன்று வாய் திறந்தவளை ஒரு நிமிஷம் நிறுத்துகிற மருந்து எந்த டப்பாவில் இருக்கிறது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.