நான்கு ஐம்பத்திரண்டுக்கு வந்த பதில் கடிதம்

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். நாள், மணி எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். இருட்டு, மழை, சுடுகாடு எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகல். கிசுமு நகரில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் அலுவலகம். சுற்றிலும் ஆட்கள்.

என் பெயர் ஒகூமு. அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊழியர்கள் வேர்டில் எழுதிய கடிதத்தை எங்கள் இணையதளத்தில் ஏற்றுவார்கள். சர்வர் அதை பி.டி.எஃப். ஆக மாற்றி மேலதிகாரிக்கு அனுப்பும். மாறினால்தான் கடிதம் வந்ததாகப் பொருள். மாறாவிட்டால் எழுதவே இல்லை. அதுதான் எங்கள் அலுவலகச் சட்டம்.

அடோயோ கிடங்குக் குமாஸ்தா. நாற்பது மூட்டை அரிசி குறைகிறது, உன்னை ஏன் வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் போனது. ஏழு நாள் கெடு. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அவள் பதிலை ஏற்றியது 4:52க்கு. இரண்டு சிறுநீரகமும் பழுதான பெண். வாரம் இருமுறை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போவாள். நிறுவனக் காப்பீட்டில்தான் அது நடந்தது. வேலை போனால் அதுவும் போகும்.

அன்று மாற்றும் மென்பொருள் ஒரு கோப்பில் சிக்கி நின்றுவிட்டது. வரிசையில் பதினோரு கோப்புகள். முறைப்படி அதை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றியிருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. கீழே ஊருக்குப் போகும் மட்டாட்டு வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வரிசையை மொத்தமாக அழித்துவிட்டு இறங்கிவிட்டேன். வேண்டியவர்கள் திங்கட்கிழமை திரும்ப ஏற்றிக்கொள்வார்கள் என்று நினைப்பு. பத்துப் பேர் ஏற்றினார்கள். அடோயோவுக்குக் கெடு முடிந்திருந்தது.

அவள் என் மேசைக்கு வந்தாள். கை வீங்கியிருந்தது.

“அண்ணா, என் லெட்டர் வந்துதா?”

“வரலையேம்மா.”

“நல்லாப் பாருங்கண்ணா. அஞ்சுக்கு எட்டு நிமிஷம் இருக்கறப்பவே போட்டுட்டேன்.”

பார்ப்பதுபோலத் திரையைத் திருப்பிக்கொண்டேன். அவள் சொன்னது சர்வர் பதிவில் ஒரு வரியாக அப்படியே இருந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த விளக்கக் கடிதம் எனக்கு. அவள் போனபிறகு அந்த வரியையும் அழித்தேன்.

வேலை போயிற்று. காப்பீடு போயிற்று. ஐந்தாம் மாதம் அடோயோ செத்தாள். ஒரு சனிக்கிழமை அவள் ஊரான போண்டோவில், அவர்கள் வீட்டு வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். அலுவலகத்தில் வேன் பிடித்துப் போனார்கள். எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளி. மணி 4:52. சர்வரில் ஒரு கோப்பு வந்து விழுந்தது.

அனுப்பியவர் எண் அடோயோவுடையது. அந்தக் கணக்கை மூடி மாதக்கணக்காகிறது. பி.டி.எஃப். ஆக மாறியிருந்தது. திறந்தேன். மேலே நிறுவன முகவரி, தேதி. கீழே வெறும் தாள்.

பக்கத்து மேசை ஒன்டிட்டி எட்டிப் பார்த்தான்.

“செத்தவளுக்குக்கூட உன் சர்வர் வேலை செய்யுது பாரு. உயிரோட இருக்கற எங்களுக்குத்தான் மக்கர் பண்ணுது.”

சிரித்தேன். அழித்தேன்.

அழிக்கும் முன்பே, ஏற்றப்பட்ட வேர்ட் கோப்பின் விவரப் பகுதியில் ஒரு எண் கண்ணில் பட்டிருந்தது. ஆவணத்தை எத்தனை நிமிடம் எழுதினார்கள் என்பதை வேர்ட் தானே குறித்து வைக்கும். 8,792 நிமிடம்.

ஆறு நாள்... ஒரு வெறும் தாளுக்கு ஆறு நாளா?

இரண்டாம் வெள்ளி. 4:52. மறுபடி வந்தது. இந்தமுறை பாதிக் கடிதம். மூட்டைகள் வெளியே போன தேதியில் தான் ஆஸ்பத்திரியில் இருந்ததாக எழுதியிருந்தாள். ஒரு வாக்கியம் நடுவிலேயே நின்றது.

நிமிடங்கள்: 18,872.

மூன்றாம் வெள்ளி நான் முந்திக்கொண்டேன். 4:45க்கு மாற்றும் மென்பொருளை நிறுத்தினேன். இணையக் கம்பியையும் பிடுங்கினேன்.

4:50. அமைதி.

4:51. ஒன்டிட்டி கிளம்பிப் போனான்.

4:52.

விர்ர்ர்... சர்வரின் விசிறி வேகமெடுத்தது.

கம்பி என் கையில்.

திரையில் ஒரே வரி. ‘மாற்றம் முடிந்தது.’

முழுக் கடிதம். மூட்டைகள் வெளியே போன ரசீதில் இருந்தது தன் கையெழுத்து இல்லை என்ற விளக்கம். ஆஸ்பத்திரி முத்திரை. கீழே அவள் ஒப்பம்.

ஒப்பத்துக்குக் கீழே... ‘அண்ணா, வந்துதா?’

இந்தமுறை அழிக்கவில்லை. கை வரவில்லை. இரண்டு பிரதி எடுத்தேன். திங்கட்கிழமை ஊழியர் பிரிவு அவிட்டி மேடத்திடம் ஒன்றை நீட்டினேன். சர்வர் கோளாறு, இப்போதுதான் கிடைத்தது என்றேன். நான் அழித்ததைச் சொல்லவில்லை.

“இதை வெச்சு நான் என்ன செய்ய? செத்தவளுக்கு வேலையைத் திருப்பிக் குடுக்கவா?” என்றாள் மேடம். ‘தாமதமாகப் பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி, மூடிய கோப்புக்குள் செருகினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு போண்டோ போனேன். வேனில், மூன்றாம் கடிதத்திலிருந்து குறித்து வைத்த நிமிட எண்ணைப் பார்த்துக்கொண்டே போனேன். 28,952. வந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். அடக்கம் நடந்த அதே சனிக்கிழமை, பிற்பகல் 2:20. மூன்று எண்களும் அங்கேதான் போய் நின்றன.

அடோயோவின் கணவர் ஒடேரா கடிதத்தை இரண்டுமுறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“அப்ப வந்துதான் இருந்துச்சா தம்பி? கடைசிவரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தா.”

சமாதியைக் காட்டினார். எத்தனை மணிக்கு அடக்கம் முடிந்தது என்று கேட்டேன்.

“ரெண்டு மணிக்குள்ள முடிக்கணும்னு பாதிரியார் அவசரப்பட்டாரு. முடியல. கடைசி மண்ணைப் போட்டுட்டு வாட்சைப் பார்த்தேன். ரெண்டு இருபது.”

போன வெள்ளி, 4:52. கடிதம் கொடுத்தாயிற்று, இனி வராது என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தது. வெறும் தாள். நிமிடங்கள்: 39,032.

எழுதியவர் என்ற இடத்தில் இந்தமுறை அவள் பெயர் இல்லை.

என் பெயர் இருந்தது.