இரண்டு மூடி கிருமிநாசினி

போன வருடம், மாரி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் மழைக்கு ஒதுங்கி வந்து அப்படியே தங்கிவிட்ட ஒரு பூனைக்குட்டியை, அன்றுதான் முதன்முதலாக மிருக வைத்தியரிடம் கொண்டுபோக இருந்தேன். தடுப்பூசி போடத்தான், வேறொன்றுமில்லை.

நான் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் தாதி. ஆயத்தம் என்றால் கேட்கவா வேண்டும்! காற்றுக்கு ஓட்டை போட்ட கடதாசிப் பெட்டி, விரிக்கப் பழைய துவாய், குட்டி எப்போது என்ன சாப்பிட்டது, எத்தனை தரம் வெளிக்குப் போனது என்று நேரம் போட்டு எழுதிய கொப்பி, எல்லாம் தயார். ஆனால் குட்டியின் உடம்பு முழுக்கத் தெள்ளுப் பூச்சி. ஒரு தாதி வளர்க்கிற பூனையா இது என்று டொக்டர் நினைத்தால் என் மானம் என்னாவது? நிலம் துடைக்கிற கிருமிநாசினியை இரண்டு மூடி தண்ணீரில் விட்டுக் குளிப்பாட்டினேன். அந்த மணம் இல்லாவிட்டால் எனக்குச் சுத்தம் என்றே மனம் ஒப்பாது. அதையும் கொப்பியில் எழுதினேன். பாவம், அது கத்தக்கூட இல்லை. என் மடியில் இருந்து ஈர உடம்பை நக்கிக்கொண்டே இருந்தது.

ஓட்டோ உட்துறைமுக வீதிக்கு ஏறியபோது மடியில் கிடந்த குட்டியின் வாயிலிருந்து வீணீர் வடிந்தது. கால்கள் நடுங்கின. தலை தொங்கிவிட்டது.

"ஐயோ நானா, குட்டிக்கு என்னமோ செய்யுது! கெதியா ஓடுங்கோ!" என்று கத்தினேன்.

ஓட்டோ ஓட்டிய நானா நரைத்த தாடிக்காரர், குறிஞ்சாக்கேணிப் பக்கத்து முஸ்லிம் ஆள். அவர் ஓடவில்லை. ஓரமாக நிறுத்தி, குட்டியைத் தூக்கி மணந்து பார்த்தார்.

"பினாயில் போட்டா குளிப்பாட்டின? எங்கட வீட்டுப் பூனையும் இப்பிடித்தான் தங்கச்சி. நக்கி நக்கியே மௌத்தாப் போச்சு. டொக்டர்ட்ட போக இன்னும் கால் மணித்தியாலம் புடிக்கும். முதல்ல கழுவுவம்."

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவரே போய் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கோப்பை கழுவுகிற சவர்க்காரமும் வாங்கி வந்தார். அவர் குட்டியைப் பிடிக்க, நான் மூன்று தரம் மணம் போகுமட்டும் கழுவினேன். பிறகு துவாயில் சுற்றி என் கையில் தந்தார்.

"நெஞ்சோட அணைச்சுப் புடிங்க. குளிர் புடிக்கப் போகுது" என்றவர், அதற்குப் பிறகுதான் பறந்தார்.

டொக்டர் கொப்பியைப் புரட்டி, 'கிருமிநாசினி, இரண்டு மூடி' என்ற வரியில் நிறுத்தினார். சரி, இப்போது ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் ஏசியிருப்பேன். பிள்ளையின் சுட்ட புண்ணில் பற்பசை பூசிக்கொண்டு வரும் தாய்மாரை "உங்களுக்கு அறிவில்லையோ?" என்று வார்டே கேட்க எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்!

அவரோ குட்டிக்குச் சேலைன் ஏற்றிக்கொண்டே, "பூனைக்கு இது நஞ்சு. வழியில கழுவினது நல்லதாப் போச்சு. எழுதி வச்சிருந்தபடியால எனக்கும் உடன விளங்கினது" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு ஏச்சு விழாததே எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

ஓட்டோ நானா போகவில்லை. வாசலில் நின்று நின்று எட்டிப் பார்த்தார். மத்தியானத்துக்குக் கிட்ட குட்டி தலையைத் தூக்கி, மெல்லிய குரலில் ஒரு தரம் கத்தியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். நான் சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதேன்.

தடுப்பூசி ஒரு மாதம் கழித்துத்தான் போட்டோம். குட்டி இப்போது கொழுத்த பூனை, என் சொல் எதையும் கேட்பதில்லை. வார்டில் இன்றும் பற்பசை பூசிய புண்ணோடு பிள்ளைகள் வருகிறார்கள். ஏச வாய் திறக்கத்தான் செய்கிறது, ஆனால் குட்டி மடியில் துவண்டு கிடந்த அந்த நேரம் நெஞ்சுக்குள் வந்துவிட, "பயப்பிடாதேங்கோ அம்மா, கழுவினால் சரி" என்றுதான் சொல்ல வருகிறது.