அவசரக் கதவு வரிசையின் ராஜா

எங்கள் பெல்ட்டக்கா விமானத்தில் இடுப்புப் பட்டையைப் பூட்டிக் காட்டிய தடவைகளை எண்ணப் போனால் வானத்து நட்சத்திரங்களே தோற்றுப்போகும். சரி, கொஞ்சம் அளந்துவிட்டேன். பதினேழு வருஷப் பணிப்பெண் வேலையில் பத்தாயிரம் தடவை இருக்கும். அதில் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்காத ஒரு மனிதரை அவள் மனசுக்குள் தினமும் எண்ணெயில் பொரித்தெடுத்தாள்.

அவர் ஒரு மருந்துக் கம்பெனி மேலாளர். வாராவாரம் திங்கட்கிழமை முதல் விமானம். காலை நீட்டிக்கொள்ள வசதி என்று எப்போதும் அவசரக் கதவு வரிசைதான். போன வருஷம், “ஒரு நிமிஷம் காதுல இருக்கறத கழட்டிட்டுக் கேளுங்க சார்” என்று பெல்ட்டக்கா சொன்னதற்கு, “உன்னைவிட நான் அதிகமா பறந்தவன்மா. நீ உக்காரு, நான் சொல்றேன்” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தோடு விட்டாரா? மரியாதையில்லாமல் பேசினாள் என்று புகாரும் எழுதிப் போட்டார். அவளுக்கு வரவிருந்த தலைமைப் பணிப்பெண் பதவி ஆறு வயது இளையவளுக்குப் போனது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை: அந்த ஆளின் மூக்கை உடைக்க வேண்டும். ஆனால் இன்னொரு புகார் போனால் வேலை காலி. அதனால் விதிப்படியே உடைக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை வழக்கமான விமானம் பழுதாகி வேறு ரகம் வந்து நின்றது. அதன் அவசரக் கதவைப் பார்த்ததுமே பெல்ட்டக்காவுக்கு வாயெல்லாம் பல். அந்த வரிசையிலிருந்த மூவருக்கும் கதவைத் திறக்கும் விதத்தை நிறுத்தி நிதானமாக விளக்கினாள். அவர் போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“சார், ஆபத்துன்னா இதை எப்படித் திறப்பீங்க?”

“என்கிட்டயே பரீட்சையா? பிடியை இழுத்து, கதவை உள்ள எடுத்து, வெளிய வீசணும். போதுமா?”

பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண், “இல்ல அங்கிள், இது பிடியை இழுத்தா தானா மேல தூக்கிக்கும். இப்பதானே சொன்னாங்க!” என்றாள்.

பெல்ட்டக்காவின் குரலில் தேன் சொட்டியது. “திறக்கத் தெரியாதவங்க இங்க உக்காரக் கூடாது சார், விதி. கடைசி வரிசையில நடு சீட்டு காலியா இருக்கு.”

“நான் யாருன்னு தெரியுமா?”

“நல்லாவே தெரியும் சார்.”

விமானம் முழுக்கப் பார்க்க, பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.

இறங்கிய பிறகு ஊழியர் வேனில் பெல்ட்டக்கா கையை ஆட்டி ஆட்டிக் கதையளந்தாள். “மூணு மணி நேரம்! ரெண்டு பயில்வானுக்கு நடுவுல! பின்வாசல் ஏணி வேணாம்னுட்டேன், எல்லாரும் முன்வாசல் வழியா இறங்குற வரைக்கும் நின்னாரு பாரு, பிழிஞ்ச துணியாட்டம்!”

முன் சீட்டில் இருந்த இளையவள், அதே தலைமைப் பணிப்பெண், திரும்பினாள்.

“பறந்ததே ஐம்பது நிமிஷம்க்கா. ரெண்டு பக்கமும் ஒல்லிப்பிச்சானுங்க. அப்புறம், ஏணி வேணாம்னு சொன்னது நீங்க இல்ல, நான். என்னையும் அந்தாளு ‘ஏய்’னுதான் கூப்பிடுவாரு.”