கட்டில் இல்லாத ஆபரேஷன்

வல்லத்துச் செங்கமலத்திடம் யாராவது ‘இதுதான் ரூல்’ என்று சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மறைமலை நகரில் ஒரு பல்பு கம்பெனியின் பேக்கிங் லைனில் வேலை பார்த்தாள். 1991-இல் அவள் மோதிய ரூல், கம்பெனியின் மருத்துவ நிதி பற்றியது. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகி ஒரு ராத்திரியாவது படுத்தால்தான் பணம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினால் காலணா கிடையாது.

மகள் ரஞ்சனிக்கு எட்டு வயது. மேல் ஈறுக்குள் வேண்டாத பல் ஒன்று கிடந்து, முன்பல்லை வெளியே வரவிடாமல் அடைத்திருந்தது. ஈறைக் கீறித்தான் எடுக்க வேண்டும். பக்கத்து நர்சிங் ஹோமில் மூன்று நாள் தங்கச் சொன்னார்கள். சென்னையில் ஒரு பல் டாக்டரம்மா, அதையே ஒரு பகலில் முடித்து அனுப்புவதாகச் சொன்னார். செலவும் பாதிகூட இல்லை.

“கம்பெனி குடுக்குது. நம்ம கைக்காசு இன்னாத்துக்கு? மூணு நாளு படுக்க வச்சா இன்னா கொறஞ்சி பூடும்?” என்றான் கணவன் ரகுபதி.

“போன தபா காய்ச்சல்னு படுக்க வச்சமே, பக்கத்து பெட்டு புள்ளகிட்டேர்ந்து அம்மைய வாங்கிகினு வந்தாளே. அதுக்கும் கம்பெனியா குடுத்துச்சி?”

நர்சிங் ஹோமுக்கே போய்க் கேட்டாள். “ரெண்டாவது நாளு கொழந்தைக்கு இன்னா செய்வீங்க டாக்டர்?”

“சும்மா பார்த்துக்குவோம்மா.”

“பாத்துக்கறதுக்குத்தான் நான் கீறேனே!”

சென்னை டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. இதயக் கோளாறு, இழுப்பு என்று இருந்தால் நானே பெட்டில் போடுவேன், உன் மகளுக்கு அது தேவையில்லை என்றார். ரத்தம் வந்தால் துணி வைத்து அழுத்து, நிற்காவிட்டால் உடனே கூட்டிவா, அதனால் இன்றைக்கு ஊருக்குப் போகாதே என்றும் சொன்னார். ஆபரேஷன் முடிந்ததும் செங்கமலம் மகளைச் சைதாப்பேட்டையில் தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

சாயங்காலம் ரத்தம் வரத்தான் செய்தது. “சொன்னா கேட்டியா?” என்று கூட வந்திருந்த ரகுபதி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். செங்கமலமும் பயந்துதான் போனாள், பொய் சொல்வானேன். ஆனாலும் மகளை மடியில் சாய்த்து, டாக்டரம்மா கொடுத்த துணிச்சுருளை வைத்து, அசையாமல் அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நின்றது. சில மாதங்களில் முன்பல் எட்டிப் பார்த்தது.

மகளையும் பில்லையும் கொண்டுபோய் வெல்ஃபேர் ஆபீசர் முன்னால் நிறுத்தினாள்.

“அட்மிஷன் இல்லையேம்மா. ஒரு நாள் படுத்திருந்தா இதைவிட அதிகமாவே பாஸ் பண்ணியிருப்பேன். ரூல்.”

“கம்மியா செலவு பண்ணதுக்கு தண்டனையா சார்? ரஞ்சனி, வாயைத் தொற. பாத்து சொல்லுங்க சார், இந்தப் பல்லு பெட்டுல படுத்து மொளச்சிதா, பாயில படுத்து மொளச்சிதா?”

பில் திரும்பி வந்தது. விட்டாளா? ஒவ்வொரு சம்பள நாளும் அதே பில்லை அதே மேசையில் வைத்தாள். பிழைக்கத் தெரியாதவள் என்று லைனில் சிரித்தார்கள். இனாமாய்க் கட்டில் கிடைக்கும்போது வேண்டாம் என்பவளைப் பார்த்தால் சிரிக்கத்தானே தோன்றும்.

நாலாவது சம்பள நாளில் அவள் பில்லை வைத்ததும் பக்கத்தில் இன்னொரு கை நீண்டு இன்னொரு பில்லை வைத்தது. லைனில் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்த கோவிந்தம்மாவின் கை.

“எம் பையன் பல்லையும் பகல்லயே எடுத்துட்டு இட்டுகினு வந்துட்டேன் சார். நீங்க ரூல மாத்தற வரைக்கும் ரெண்டு பேரும் வருவோம்.”